அப்பீலில் உடையும் வழக்குகள்

2025 ஜூலை 15 அன்று தேனி மாவட்டம் சுருளி அருவி இரட்டைக் கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றிருந்தவரை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. ஆறு நாள் கழித்து, 2006 மும்பை புறநகர் ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட 12 பேரையும் பம்பாய் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் ஐந்து பேருக்குத் தூக்கு, ஏழு பேருக்கு ஆயுள். ஒருவர் தீர்ப்புக்கு நான்கு ஆண்டு முன்பே கொரோனாவில் இறந்துபோயிருந்தார். அக்டோபர் 8-இல் சென்னை முகலிவாக்கம் சிறுமி கொலை வழக்கிலும் தூக்குத் தண்டனை ரத்தானது. மூன்று தீர்ப்புகள் வந்தபோதும் ஊரில் எழுந்த கேள்வி ஒன்றுதான்: அப்படியானால் செய்தது யார்?

அதற்குப் பதில் சொல்வது மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் வேலையே அல்ல. இந்த ஆள்தான் செய்தார் என்று அரசு தரப்பு வைத்த சாட்சியம் தாங்குமா, தாங்காதா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. ஊர் கேட்பதும் கோர்ட் கேட்பதும் வெவ்வேறு கேள்விகளாக இருப்பதால்தான் இத்தனை கோபமும். 'சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, தப்பித்துவிட்டான்' என்று டீக்கடை பெஞ்சிலிருந்து தொலைக்காட்சி விவாதம் வரை பேசுகிறோம். தீர்ப்புகளைப் பொறுமையாகப் படித்தால், அந்த ஓட்டை சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் எழுதப்பட்ட காகிதங்களில் இருப்பது தெரியும். விசாரணை நீதிமன்றத்தின் முன்னும் அதே காகிதங்கள்தான் இருந்தன. அப்பீலில் புதிதாக எந்த உண்மையும் வெளிவருவது அரிது. பழைய கட்டை வேறொருவர் நிதானமாகப் படிக்கிறார், அவ்வளவே.

செஷன்ஸ் கோர்ட் தூக்குத் தண்டனை விதித்தால் உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தினால்தான் அது செல்லும். மற்றத் தண்டனைகளில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவர் அப்பீல் செய்யலாம். உயர் நீதிமன்றம் சட்டப் புள்ளியை மட்டும் பார்த்துவிட்டு ஒதுங்க முடியாது. சாட்சியம் முழுவதையும் தானே எடைபோட வேண்டும். சாட்சியின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு அதற்கு இல்லை, சாட்சியங்களின் தட்டச்சுப் பிரதி (டைப் செட்) மட்டும்தான் மேசைக்கு வரும். இது குறை என்று சொல்வார்கள். சில சமயம் இதுவே பலம். கூண்டில் அழுதுகொண்டே சாட்சி சொன்னவரின் குரல் காகிதத்தில் இல்லை, தேதிகள் இருக்கின்றன. முதல் தகவல் அறிக்கை எத்தனை மணிக்குப் பதிவானது, மாஜிஸ்திரேட் எத்தனை மணிக்கு அதில் சுருக்கொப்பம் போட்டார், கைப்பற்றிய பொருள் படிவம் 95-இல் நீதிமன்றத்துக்கு எந்தத் தேதியில் வந்தது: அனுபவமுள்ள கிரிமினல் வக்கீல் முதலில் புரட்டுவது இந்த மூன்று இடங்களைத்தான். இரவு பத்து மணிக்குப் பதிவானதாகச் சொல்லும் எஃப்ஐஆர் மறுநாள் மாலைதான் மாஜிஸ்திரேட் கைக்குப் போனது என்றால், நடுவில் யார் யாரைச் சாட்சியாகச் சேர்ப்பது என்று உட்கார்ந்து யோசித்தார்களா என்ற கேள்வி தானாக எழும்.

எத்தனை தண்டனைகள் இப்படி உடைகின்றன என்பதற்குத் தூக்குத் தண்டனை வழக்குகளில் ஓரளவு தெளிவான கணக்கு இருக்கிறது. 2000 முதல் 2015 வரை விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குத் தண்டனைகளை டில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு தொடர்ந்து பார்த்தது. முடிவில் தூக்காகவே நிலைத்தவை நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. ஏறத்தாழ பத்தில் மூன்று, முழு விடுதலையில் போய் முடிந்தன. தண்டனை குறைந்தது வேறு விஷயம். 'இவனைத் தூக்கில் போடு' என்று ஒரு நீதிபதி எழுதிய அதே கட்டைப் படித்து, 'இவன் செய்ததாகவே நிரூபிக்கப்படவில்லை' என்று இன்னொரு நீதிபதி எழுதுவது வேறு விஷயம்.

உடைகிற இடங்கள் பெரும்பாலும் பழகிய இடங்கள். முதலாவது, பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் 23-ஆம் பிரிவுக்குள் போயிருக்கிறது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. ஆனால் அதைத் தொடர்ந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு நேராகக் காரணமான பகுதி மட்டும் செல்லும். இந்தக் குறுகலான சந்தின் அகலத்தை அளந்து கொடுத்தது, அன்றைய சென்னை மாகாணத்துக் குண்டூர் பக்கத்திலிருந்து லண்டன் வரை போன புலுகுரி கோட்டய்யா வழக்கு. 1946 டிசம்பரில் பிரிவி கவுன்சில் சொன்னதன் சாரம் இது: வீட்டுக் கூரையில் கத்தியை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று ஒருவர் சொல்லி, கத்தி கிடைத்தால், அது அங்கே இருந்ததும் அவருக்கு அது தெரியும் என்பதும் நிரூபணமாகின்றன. 'அதைக் கொண்டுதான் இன்னாரைக் குத்தினேன்' என்று சேர்த்துச் சொன்னது சாட்சியம் ஆகாது. கத்தி கொலைக்குப் பயன்பட்டது என்பதை வேறு சாட்சியம் கொண்டுதான் காட்ட வேண்டும்.

எண்பது ஆண்டாக எல்லாருக்கும் தெரிந்த விதி. ஆனாலும் முழு வாக்குமூலத்தையும் குறியீடு செய்து வழக்குக் கட்டில் சேர்ப்பதும், எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) காட்டிக் கொடுத்ததாகச் சொல்லும் அரிவாள் எல்லாரும் போய்வரும் முள்ளுக்காட்டில் கிடைப்பதும், கைப்பற்றியதைப் பதிவு செய்யும் மகஜரில் கையெழுத்துப் போட்டவர் 'ஸ்டேஷனில் வைத்துத்தான் போட்டேன்' என்று குறுக்கு விசாரணையில் சொல்வதும் நிற்கவில்லை. 2022-இல் உத்தரப் பிரதேசத்துத் தூக்குத் தண்டனை வழக்கொன்றை (ராமானந்த் வழக்கு) உடைத்தபோது, எதிரி சொன்ன சொற்கள் என்ன, எந்தச் சாட்சிகளின் முன்னால் சொன்னார் என்பது பதிவில் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பாடம் நடத்துவதுபோல விளக்க வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக்கு என்றே ஒரு வழக்கம் உண்டு. கொலை நடந்து சில நாள் கழித்து எதிரி தானாகவே கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போகிறார். அவரோடு முன்பழக்கம் எதுவும் கிடையாது. போனவர் மனம் விட்டு எல்லாவற்றையும் சொல்கிறார். வி.ஏ.ஓ. அதை எழுதி வாங்கி, உதவியாளரைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லி, ஆளையும் அறிக்கையையும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார். இன்ஸ்பெக்டர் அங்கே இன்னொரு வாக்குமூலம் வாங்க, அதே வி.ஏ.ஓ.வும் உதவியாளரும் கைப்பற்றுதல் மகஜருக்கும் சாட்சியாகிறார்கள். போலீஸிடம் சொன்னது செல்லாது என்ற தடையைத் தாண்ட இதைவிட நேரான வழி கிடையாது. கிராம மாஜிஸ்திரேட்டுகள் வாக்குமூலம் எழுதக் கூடாது என்ற பழைய விதி வி.ஏ.ஓ.வைக் கட்டாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் இது சட்டப்படி தவறும் இல்லை. ஆனாலும் அறிமுகமே இல்லாத ஓர் அதிகாரியிடம் ஒருவர் ஏன் போய்க் கழுத்தை நீட்ட வேண்டும் என்ற சாதாரணக் கேள்விக்குப் பதில் இல்லாத வழக்குகள் அப்பீலில் நிற்பதில்லை. இத்தனை கொலைகாரர்களுக்கு ஒரே மாதிரி வி.ஏ.ஓ. மீது நம்பிக்கை பிறப்பதை நினைத்தால் எனக்கு வியப்புத்தான்.

நேரில் பார்த்த சாட்சி விஷயத்தில் சட்டம் நாம் நினைப்பதைவிடத் தாராளமானது. சாட்சிகள் மூன்று வகை, முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் என்று 1957-இல் வடிவேலு தேவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிரித்தது. முதல் வகையாக இருந்தால் ஒரே சாட்சி போதும். நடுவில் இருப்பவர்தான் தலைவலி. அவர் சொல்லுக்கு வேறு ஆதாரம் வேண்டும். ஒரு பொய் சொன்னார் என்பதற்காகச் சாட்சியத்தை முழுதாகத் தள்ளிவிடும் வழக்கம் இந்திய நீதிமன்றங்களில் இல்லை. பதரைத் தூற்றிவிட்டு நெல்லை எடுத்துக்கொள்ளவே பார்க்கிறார்கள். எனவே ஒரு கண்சாட்சியை அப்பீலில் அடியோடு தள்ளுகிறார்கள் என்றால் காரணம் பெரிதாகவே இருக்கும்.

எவ்வளவு பெரிது என்பதற்கு மகாராஷ்டிரத்தின் அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கு. 2003-இல் ஒரு குடும்பத்தின் மீது நடந்த கொடூரத் தாக்குதல். கொலை, பாலியல் வன்முறை. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேர் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் மூவரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. 2009-இல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்று எழுதியது. பின்னர் சீராய்வில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்று, அப்பீலை மறுபடி கேட்டு, 2019 மார்ச்சில் அறுவரையும் விடுதலை செய்தது. உயிர் தப்பிய சாட்சி, போலீஸ் காட்டிய பழைய குற்றவாளிகளின் படத் தொகுப்பைப் பார்த்து வேறு நான்கு பேரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வர் மீது வழக்கும் இல்லை, அவர்களை ஏன் விட்டார்கள் என்பதற்கு விளக்கமும் இல்லை. 16 ஆண்டு, மூன்று அடுக்கு நீதிமன்றங்கள். அத்தனை பேரையும் தாண்டி அந்தப் படத் தொகுப்பு வந்திருக்கிறது.

மும்பை ரயில் வழக்கில் வேறு மாதிரி. எதிரிகளைத் தங்கள் வண்டியில் ஏற்றிச் சென்றதாகச் சொன்ன டாக்சி ஓட்டுநர்கள், சம்பவம் நடந்து நூறு நாளுக்கு மேல் வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நாள் கழித்து ஒரு பயணியின் முகம் நினைவில் நிற்குமா என்று உயர் நீதிமன்றம் கேட்டது. அடையாள அணிவகுப்பை நடத்தியவருக்கு அதற்கான அதிகாரமே இல்லை. ஒப்புதல் வாக்குமூலங்களில் பத்திகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல இருந்தன. மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இந்தத் தீர்ப்பை வேறு வழக்குகளில் முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. வெளியே வந்தவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை.

வாக்குமூலம்தான் இந்த முழுக் கதையிலும் ஆழமான குழி. தடா, பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள் போலீஸ் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் செல்லுபடியாக்கின. 2002-இல் குஜராத்தின் அக்‌ஷர்தாம் கோயிலில் நடந்த தாக்குதல் வழக்கில் ஆறு பேர் தண்டிக்கப்பட்டது பெரும்பாலும் அத்தகைய வாக்குமூலங்களை வைத்துத்தான். துணைக்கு இரண்டு உருதுக் கடிதங்கள் இருந்தன. சுட்டுக் கொல்லப்பட்ட இரு தாக்குதல்காரர்களின் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்ததாகப் போலீஸ் சொன்னது. உடல்கள் குண்டுகளால் துளைக்கப்பட்டிருந்தன, உடை ரத்தமும் மண்ணுமாக இருந்தது. கடிதங்களிலோ ஒரு துளை இல்லை, ஒரு கறை இல்லை, கசங்கல்கூட இல்லை. சிறப்பு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டே மூவருக்குத் தூக்கை உறுதி செய்தன. 2014 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள் அது. செய்தித்தாளில் இதற்கு எவ்வளவு இடம் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ராஜீவ் காந்தி கொலை வழக்கு இதில் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் ஒருசேரத் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. இது தடாவின் கீழ் வரும் பயங்கரவாதக் குற்றமே இல்லை என்றும் சொன்னது. ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்று வைத்துக்கொண்டது. அப்படி நிலைத்ததுதான் பேரறிவாளன் மீதான தண்டனை. தான் வாங்கிக் கொடுத்த பேட்டரிகள் எதற்காக என்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலம் பதிவு செய்த சிபிஐ அதிகாரியே ஓய்வுக்குப் பின் 2013-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பிறகும் தீர்ப்பு திருத்தப்படவில்லை. 2022 மே 18-இல் அவர் வெளியே வந்தது அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவின் வழியாக; ஆளுநரின் தாமதம்தான் அங்கே பேசப்பட்டது. அப்பீல் முடிந்த பின் சாட்சியம் உடைந்தால், சீராய்வு என்ற குறுகிய வழியைத் தவிர இந்த நாட்டில் போக இடம் இல்லை. இங்கிலாந்தில் 1997 முதல் இதற்கென்றே ஒரு மறுபரிசீலனை ஆணையம் இயங்குகிறது. பழைய தண்டனையை ஆராய்ந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பும் அதிகாரம் அதற்கு உண்டு.

அறிவியல் வந்தால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் சுருளி அருவித் தீர்ப்பைப் படிக்க வேண்டும். டிஎன்ஏ அறிக்கை இருந்தது. உடலிலிருந்து மாதிரி எடுத்த நாளிலிருந்து ஆய்வகத்தில் சேர்ந்த நாள் வரை அது யாரிடம், எந்த நிலையில் இருந்தது என்பதற்குத்தான் ஒழுங்கான பதிவு இல்லை. கலப்படம் நடந்தது என்று யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. நடக்கவில்லை என்று காட்ட வேண்டியது அரசு தரப்பு. மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறிய ஒவ்வொரு கட்டத்துக்கும் பதிவேடு வேண்டும் என்று நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை அந்தத் தீர்ப்பிலேயே வகுத்தார்கள். 2022-இல் டில்லி சாவ்லா இளம்பெண் கொலை வழக்கில் மூவரின் தூக்கு உடைந்ததற்கும் ஒரு காரணம், மாதிரிகள் பல நாள் காவல் நிலையச் சரக்கறையில் கிடந்தது.

கணினியை நம்பிப் பட்ட அடிக்கு இங்கிலாந்து அஞ்சலக ஊழலைவிடப் பெரிய சான்று கிடையாது. ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை வைத்து 900-க்கும் மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க் கணக்குக் குற்றங்களில் தண்டிக்கப்பட்டார்கள். கணினி சரியாகத்தான் இயங்கும் என்று அனுமானிக்கும் சட்டநிலை அங்கே. 2021 ஏப்ரலில் ஒரே நாளில் 39 தண்டனைகள் ரத்தாயின. மிச்சத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு முடியாது என்று 2024-இல் நாடாளுமன்றமே சட்டம் போட்டு ரத்து செய்தது.

அப்பீல் நீதிமன்றங்களைக் கடைசி அரணாக மட்டும் பேசுவதும் சரியில்லை; அவையே பலமுறை பார்க்கத் தவறியிருக்கின்றன. தமிழர்களுக்கு இதில் மறக்க முடியாத வழக்கு லட்சுமிகாந்தன் கொலை. 'சினிமா தூது', 'இந்து நேசன்' இதழ்களை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் ரிக்‌ஷாவில் போகும்போது குத்தப்பட்டு, மறுநாள் பொது மருத்துவமனையில் இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதர், கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு உள்ளிட்டோர் கைதானார்கள். நாயுடு விடுதலையானார். ஜூரி விசாரணையில் பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற அப்பீல் தள்ளுபடியானது. பிரிவி கவுன்சில் வரை போய்த்தான் அப்பீலை மறுபடி கேட்கும் உத்தரவு கிடைத்தது. 1947 ஏப்ரலில் அதே சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. சாட்சியம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இதற்கிடையில் பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்டு ஓடிக்கொண்டிருந்தது, அவர் சிறையில் இருந்தார். கலைவாணர் மீண்டு எழுந்தார்; பாகவதர் எழவில்லை. லண்டனுக்கு வக்கீல் வைக்க முடிந்தவர்களுக்கே இந்த நிலை.

சரி, விசாரணை நீதிபதிக்கு ஏன் இது கண்ணில் படுவதில்லை? எல்லாரையும் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நீதிமன்றத்துக்கு வெளியே கூட்டம் நிற்கும் வழக்கில் விடுதலை எழுதுவது ஒரு மாவட்ட நீதிபதிக்கு எளிதல்ல. தண்டித்துவிட்டால் மேலே பார்த்துக்கொள்வார்கள். விடுதலை எழுதினால் அவர் பெயர்தான் அடிபடும். அதைவிட முக்கியமானது எதிரிக்கு வாய்க்கும் வக்கீல். முகலிவாக்கம் வழக்கில் குற்றச்சாட்டு வனைந்த பிறகுதான் சட்ட உதவி வக்கீல் அமர்த்தப்பட்டார். அடுத்த சில நாள்களில் சாட்சி விசாரணை தொடங்கிவிட்டது. தூக்குக்குரிய வழக்கு அது. எதிரியைப் பார்த்ததாகச் சொன்ன சாட்சிக்குத் துணை நிற்கக்கூடிய சிசிடிவி பதிவு, முறைப்படி நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. கீழ் நீதிமன்றத்தில் யாராவது அதை விடாப்பிடியாகக் கேட்டிருந்தால் எட்டு ஆண்டுக்கு முன்பே ஏதோ ஒரு பக்கம் தெளிவு கிடைத்திருக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. சந்தேகத்தின் பலனை அளவுக்கு மீறி வாரி வழங்கினால் சமூகம் சட்டத்தின் மேல் நம்பிக்கை இழக்கும் என்று 1973-இல் போபடே வழக்கில் நீதிபதி கிருஷ்ண அய்யர் எச்சரித்தார். செய்திருக்கலாம் என்பதற்கும் செய்திருக்கவேண்டும் என்பதற்கும் இடையே நெடுந்தூரம் என்று சொன்னதும் அதே தீர்ப்புத்தான். விடுதலையான எல்லாரும் நிரபராதிகள் என்று நானும் சொல்ல வரவில்லை. சாட்சிகள் பயத்தாலும் பணத்தாலும் பிறழ்வது எல்லாருக்கும் தெரியும். ஆனால் உண்மையான குற்றவாளி தப்பும் வழியும் இதே ஒட்டுப்போட்ட புலனாய்வுதான். சாவ்லா வழக்கில் இறந்த பெண்ணின் பெற்றோரும், முகலிவாக்கத்துச் சிறுமியின் பெற்றோரும் கேட்ட கேள்விக்கு அந்தந்த மகஜர்களை எழுதியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்படிக் கேட்கச் சொல்லி உத்தரவே இருக்கிறது. 2014 ஜனவரியில் கிஷன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு விடுதலையையும் ஆராய்ந்து, புலனாய்விலோ வழக்கு நடத்தியதிலோ தவறியவர் யார் என்று கண்டறிந்து நடவடிக்கை எடுக்கும் ஏற்பாட்டை எல்லா மாநிலங்களும் செய்யவேண்டும் என்றது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போகவேண்டும் என்கிறது. ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதும் மகஜருக்கு இது உண்மையிலேயே இடைஞ்சல். நிபுணர்களும் ஆய்வகங்களும் அந்த அளவுக்குப் பெருகினால்தான் பலன்.

தவறான வழக்கில் சிக்கியவர்களுக்கு இழப்பீடு தரத் தனிச் சட்டம் வேண்டும் என்று 2018-இல் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. சட்டம் வரவில்லை. ஷிண்டே வழக்கில் ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னார்கள். அக்‌ஷர்தாம் வழக்கில் விடுதலையானவர்கள் இழப்பீடு கேட்டபோது, இது தவறான முன்னுதாரணமாகிவிடும் என்று சொல்லி 2016-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. சந்தேகத்தின் பலனில் விடுதலையான ஒருவர் தமிழ்நாட்டில் காவலர் வேலைக்கு மனுச் செய்தால், பணியாளர் விதி 14(பி) அவரைக் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கணக்கில் வைக்கிறது. புகார் கொடுத்தவரே பிறழ்ந்து வழக்கு விழுந்திருந்தாலும் அப்படித்தான். 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் அந்த விதியை ஏற்றுக்கொண்டுவிட்டது.